212-ஆம் பக்கத்துக்கு இரண்டு வடிவம்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்கேனிங் அறையிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அண்ணே, இந்த 212-ஆம் பக்கத்தைக் கொஞ்சம் வந்து பாருங்க. நேத்து நல்லா இருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். 1930-களில் வந்த ஒரு மாத இதழின் கட்டுத்தொகுதி அது. திரையில் மேல்பாதி சரியாகத்தான் இருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் வேறொரு பக்கத்தின் எழுத்துகள், இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றன. பட்டைக்குக் கீழே மறுபடியும் 212-ஆம் பக்கமே தொடர்ந்தது. ஸ்கேனர் தவறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பட்டையில் இருந்தது 87-ஆம் பக்கத்தின் வரிகள். 87-ஐயும் 212-ஐயும் ஒரே நேரத்தில் ஸ்கேனருக்குள் வைக்க முடியாது.

எங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வீடுகளிலும் சிறு நூலகங்களிலும் கிடக்கும் பழைய இதழ்களை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். தாளெல்லாம் பழுப்பேறி, மடித்தால் ஒடிந்துவிடும் நிலையில் இருக்கும். ஒரு முறை புரட்டுவதே அதற்குப் பெரும்பாடு. அதனால் ஒரு பக்கத்தை இரண்டாம் முறை ஸ்கேன் செய்யும் நிலை வரக்கூடாது என்பதில் குறியாக இருப்போம். படங்கள் சுருக்கப்படாத டிஃப் கோப்புகள், பக்கத்துக்குச் சுமார் 15 எம்பி. டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்றில் 4 டிபி டிஸ்க் இரண்டை, லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் மூலம் ரெய்டு 1 ஆக, அதாவது ஒரே தகவலை இரண்டிலும் வைக்கும் ஓர் அடுக்காகக் கட்டி, அதன் மேல் இஎக்ஸ்டி4 என்ற கோப்பமைப்பைப் போட்டு, எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தோம். வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் பேக்கப் உண்டு. அந்தப் பேக்கப்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

கோப்பின் எஸ்எச்ஏ-256 செக்சமை எடுத்தேன். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண் அது; ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். மறுபடி எடுத்தேன். இரண்டும் ஒன்றே. இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை படித்தது டிஸ்க்கிலிருந்து அல்ல, நினைவகத்தில் ஏற்கெனவே இருந்த பிரதியிலிருந்து. லினக்ஸின் மையமான கர்னல் அப்படிப் பிரதிகளை வைத்திருக்கும் கேஷைக் காலிசெய்துவிட்டு மூன்றாம் முறை எடுத்தேன். வேறு எண் வந்தது. நான்காம் முறை கேஷைக் காலிசெய்து எடுத்தபோது இன்னொரு எண். ஒரே கோப்பு, ஒருவரும் தொடவில்லை, மூன்று செக்சம். வயிறு கலங்கியது.

எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தேன். இரண்டு யூ, பக்கத்தில் பக்கத்தில். இரண்டு டிஸ்க்கும் வேலை செய்கின்றன என்பதுதான் அதற்குப் பொருள். எம்டியை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவி தந்த விவரத்தில் நிலை 'கிளீன்' என்று இருந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நானே பல வருடம் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். இரண்டு டிஸ்க்கும் வரிசையில் இருக்கின்றன என்பதை அந்த இரண்டு யூவும் சொல்கின்றன, அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே தகவல் இருக்கிறதா என்பதை அவை பார்ப்பதே இல்லை. எழுதும்போது எம்டி இரண்டிலும் எழுதும். படிக்கும்போது ஏதாவது ஒன்றிலிருந்து மட்டும் படிக்கும். எந்த டிஸ்க் சும்மா இருக்கிறது, எதன் ஹெட் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். படித்ததை மற்ற டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்காது. ஆக, இரண்டிலும் வேறு வேறு தகவல் இருந்தால், ஒரு கோப்பின் ஒரு பகுதி இதிலிருந்தும் அடுத்த பகுதி அதிலிருந்தும் வரும். 212-ஆம் பக்கத்தின் பட்டை அப்படி வந்ததுதான். ஆனால் இரண்டும் எப்படி வேறு வேறாக ஆயின?

ஒப்பிட்டுப் பார்க்க எம்டியிலேயே வழி உண்டு. 'செக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து, வேறுபாடு எத்தனை என்று மிஸ்மேட்ச் கவுன்ட்டில் எழுதும். டெபியன் இதை மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் தானாகவே ஓட்டும். எங்கள் குழப்பம் தொடங்கியது இரண்டாம் வாரத்தில். அடுத்த செக் வர மூன்று வாரம் இருந்தது. கவுன்ட் சுழி என்று காட்டியது. அது கடைசியாக ஓடிய செக்கின் கணக்கு மட்டும்தான், அதுவும் சர்வரை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். சுழியைப் பார்த்து நிம்மதியடைய ஒன்றுமில்லை.

செக்கை நானே ஓட்டினேன். எட்டரை மணி நேரம் எடுத்தது. இரவு வந்த எண்: 58,21,440.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது செக்டார் கணக்கு, அதாவது 512 பைட் கொண்ட டிஸ்க்கின் சிறு அலகுகளின் எண்ணிக்கை. ஆனால் ரெய்டு 1-இல் எம்டி 64 கேபி துண்டுகளாக ஒப்பிடுகிறது. துண்டில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் முழுத் துண்டையும், அதாவது 128 செக்டாரையும், கணக்கில் சேர்த்துவிடும். அதனால்தான் இந்த எண் 128-ன் மடங்காகவே வரும். எங்கள் எண்ணை 128-ஆல் வகுத்தால் 45,480 துண்டு, கிட்டத்தட்ட 3 ஜிபி.

எண் சிறியதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். பழைய இடம் ஒன்றில் நான் பார்த்துக்கொண்ட சர்வரில் மாதாமாதம் 128, 256, 640 என்று வரும். அங்கே ஸ்வாப், அதாவது நினைவகத்தில் இடம் போதாதபோது அதன் பக்கங்களை வைக்கும் டிஸ்க் பகுதி, ரெய்டு 1 மேல் இருந்தது. ஒரு நினைவகப் பக்கத்தை எம்டி இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. முதல் டிஸ்க்குக்குப் போய், இரண்டாம் டிஸ்க்குக்குப் போவதற்குள் அந்தப் பக்கத்தை நிரல் மாற்றிவிட்டால் இரண்டும் வேறாகிவிடும். ஆனால் நிரலுக்கு அந்தப் பக்கம் மறுபடி தேவைப்பட்டதால்தான் மாற்றியது, ஆகவே டிஸ்க்கில் இருப்பதை யாரும் படிக்கப்போவதில்லை. இதை எம்டியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்: ரெய்டு 5, 6-இல் வேறுபாடு வந்தால் வன்பொருளைச் சந்தேகி, ரெய்டு 1, 10-இல் வந்தால் அது மென்பொருளின் இயல்பாலும் வரலாம். அதனால் உங்கள் ஸ்வாப் இருக்கும் ரெய்டு 1-இல் சில நூறு வந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையதோ கோப்புகள் மட்டும் இருக்கும் அடுக்கு. எண்ணும் அரைக்கோடிக்கு மேல்.

அடுத்த சந்தேகம் நினைவகம். ராம் கெட்டிருந்தால் இல்லாத வேறுபாட்டையும் செக் காட்டும். ஏனென்றால் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் படித்ததை நினைவகத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறது. இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு, நான் பலருக்கும் சொல்வது: செக்கை இரண்டு முறை ஓட்டுங்கள். யாரும் எழுதாத நிலையில் இரண்டு முறையும் எண் அப்படியே வந்தால் வேறுபாடு டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண் மாறினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாமல் ராம், கேபிள், கன்ட்ரோலர் பக்கம் பாருங்கள். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ராம் பலகைகளில் பிழை தென்பட்டதாகச் சொன்னார்கள். ராம் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. நான் அடுக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டு மறுநாள் இன்னொரு முறை ஓட்டினேன். அதே 58,21,440. இரவில் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், பிழை இல்லை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலில் 5, 197, 198 என்ற எண் கொண்ட வரிகளைப் பார்த்தேன். இடம் மாற்றப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார், படிக்க முடியாத செக்டார், எல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் சுழி. 199 கேபிள் வழியில் நடக்கும் சிஆர்சி பிழைகளைக் காட்டுவது. அதுவும் சுழி. டிஸ்க் இரண்டும் ஆரோக்கியமாகத்தான் இருந்தன.

புதன்கிழமை இரவு பதினொன்றரை. நான் சோர்ந்துபோயிருந்தேன். எம்டியின் 'ரிப்பேர்' என்ற கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டேன். என்டர் தட்டவில்லை. ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால், 212-ஆம் பக்கம் இரண்டு டிஸ்க்கில் எதில் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியாதது எம்டிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. ரெய்டு 1-இல் ரிப்பேர் செய்வது இவ்வளவுதான்: வேறுபாடு இருக்கும் இடத்தில் வரிசையில் முதலில் இருக்கும் டிஸ்க்கின் தகவலை எடுத்து மற்றதன் மேல் எழுதும். எது சரி என்று ஆராய்வதில்லை. மூன்று டிஸ்க் இருந்தாலும் பெரும்பான்மை பார்ப்பதில்லை. எம்டியை நெடுங்காலம் பராமரித்த நீல் பிரவுன், இப்படி எளிமையாக வைத்திருப்பதே நல்லது என்று வாதாடியிருக்கிறார்: காரணம் தெரியாமல் புத்திசாலித்தனமாக ஊகிப்பது நிலைமையை இன்னும் கெடுக்கலாம் என்பது அவர் பக்கம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் ரிப்பேர் என்ற பெயரைப் பார்த்து 'சரிசெய்' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது 'ஒன்றுபோல ஆக்கு'. கெட்டதன் பிரதியாக நல்லதை ஆக்கினாலும் அதற்கு வேலை முடிந்தது, அடுத்த செக்கில் கவுன்ட்டும் சுழி என்று வரும்.

கட்டளையை அழித்துவிட்டு, கோப்பமைப்பை அன்மவுன்ட் செய்து, அதாவது சர்வரோடு உள்ள இணைப்பிலிருந்து விடுவித்து, எம்டி அடுக்கையே நிறுத்தினேன். இரண்டு டிஸ்க்கையும் படிக்க மட்டும் என்று பூட்டினேன். மறுநாள் காலை புது 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கிவந்து, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவால் இரண்டையும் அப்படியே பிரதி எடுத்தேன். பணம் செலவுதான். ஆனால் இது இல்லாமல் மேலே ஒரு அடியும் எடுத்துவைக்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன். இதற்குப் பிறகு செய்தது எல்லாம் பிரதிகளின் மேல்தான்.

அறையில் டிஸ்க்குகளை மேல் டிஸ்க், கீழ் டிஸ்க் என்று அழைப்போம், கேபினட்டில் இருக்கும் இடத்தை வைத்து. வரிசையில் முதலாவது மேல் டிஸ்க். அடுக்கைப் பற்றி எம்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் குறிப்புதான் சூப்பர் பிளாக். இரண்டின் சூப்பர் பிளாக்கையும் எடுத்துப் பார்த்தேன். அடுக்கின் நிலை மாறும்போது எம்டி ஏற்றிக்கொண்டே போகும் ஈவென்ட் எண் இரண்டிலும் ஒன்றே. ஒரு டிஸ்க் எப்போதாவது அடுக்கை விட்டு விலகியிருந்தால் அதன் ஈவென்ட் எண் பின்தங்கியிருக்கும், எம்டி அதைச் சேர்த்துக்கொள்ளாது. எம்டியின் கணக்கில் இரண்டும் ஒரு நாளும் பிரிந்ததே இல்லை.

அப்புறம் டிபக்எஃப்எஸ்ஸை எடுத்தேன். இஎக்ஸ்டி4-ஐ மவுன்ட் செய்யாமலே உள்ளே பார்க்கும் கருவி அது, இயல்பாகவே படிக்க மட்டும்தான் திறக்கும். முதலில் மேல் டிஸ்க்கின் பிரதியில் 212-ஆம் பக்கக் கோப்பின் ஐநோட் விவரத்தைக் கேட்டேன். கோப்பின் நேரங்களும், அதன் தகவல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் (துண்டில்) இருக்கிறது என்பதும் பதிந்திருக்கும் இடம் அது. உருவான நேரம் முந்திய வாரத்துத் திங்கள். கீழ் டிஸ்க்கின் பிரதியில் அதே கோப்பு. உருவான நேரம் அதே திங்கள். ஆனால் கடைசியாக மாற்றிய நேரம் வியாழக்கிழமை காலை 11:42. கோப்பு இருக்கும் பிளாக் எண்களும் வேறு.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் வியாழக்கிழமை காலை 11:42-க்கு இந்தச் சர்வர் ஓடவே இல்லை. புதன் மாலை சர்வருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் நின்று கருகும் வாடை வந்ததால் நானே முறையாக ஷட்டவுன் செய்திருந்தேன். புது எஸ்எம்பிஎஸ் வந்தது வெள்ளி சாயங்காலம். சனிக்கிழமை காலையில்தான் சர்வரைப் போட்டேன். நடுவில் ஒன்றரை நாள் நான் வெளியூரில் இருந்தேன்.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "நீங்க ஊர்ல இல்லண்ணே. புஸ்தகத்தை ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லியிருந்தோம். கீழ் டிஸ்க்கைக் கழட்டி ஸ்கேனிங் கம்ப்யூட்டர்ல போட்டு வேலை பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதானே, மறுபடி வெச்சா அதுவே சரிபண்ணிக்கும்னு நெனச்சேன்." முகம் வாடிவிட்டது. அவன் செய்தது வேலையின் மேல் உள்ள அக்கறையால். சர்வர் நின்றால் என்ன செய்வது என்று நான் யாருக்கும் சொல்லிவைத்ததில்லை. பேக்கப் டிஸ்க்கில் வேலையைத் தொடரலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அதை அவனிடமும் சொன்னேன்.

இன்னொரு காரணம் முழுக்க என்னுடையது. எம்டி சூப்பர் பிளாக் வைக்கும் இடத்தில் வகைகள் உண்டு. 1.0 வகையில் அது பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும். இன்று இயல்பாக அமையும் 1.2 வகையில் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும், தகவல் அதற்கும் அப்பால் தொடங்கும். அவசரத்துக்கு ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் படிக்கலாமே என்று நான் 1.0-ஐத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் தகவல் பார்ட்டிஷனின் முதல் பைட்டிலேயே தொடங்குவதால், எம்டி இல்லாமலே நேராக இஎக்ஸ்டி4 என்று மவுன்ட் செய்துவிட முடியும். தம்பி மவுன்ட் செய்தபோது ரெய்டு உறுப்பு என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. தேடிப் பார்த்து, வகையைக் குறிப்பிட்டால் திறக்கும் என்று கற்றுக்கொண்டு திறந்திருக்கிறான். அவன் எழுதியது எதுவும் எம்டி வழியாகப் போகவில்லை. அதனால் ஈவென்ட் எண் ஏறவில்லை. சனிக்கிழமை நான் சர்வரைப் போட்டபோது இரண்டும் ஒரே எண்ணோடு, சுத்தமாக அணைக்கப்பட்ட அடையாளத்தோடு வந்து நின்றன. எம்டி இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. 1.2-ஆக இருந்திருந்தால் அவன் அதை எம்டி அடுக்காகத்தான், ஒரு டிஸ்க் குறைந்த நிலையில், திறந்திருக்க முடியும். ஈவென்ட் எண் ஏறியிருக்கும். மேல் டிஸ்க் பழையது என்று சனிக்கிழமையே எம்டி ஒதுக்கியிருக்கும்.

இப்போது பட்டை விளங்கியது. வியாழக்கிழமை தம்பி 212-ஆம் பக்கம் கோணலாக இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்து அதே பெயரில் சேமித்திருந்தான். கீழ் டிஸ்க்கில் அந்தக் கோப்பின் பழைய பிளாக்குகள் காலியாகி, அவற்றில் 87-ஆம் பக்கத்தின் புது ஸ்கேன் உட்கார்ந்தது. மேல் டிஸ்க்கின் ஐநோட்டோ இன்னும் பழைய பிளாக்குகளையே காட்டியது. சர்வர் ஐநோட்டை மேலிருந்து படித்து, பிளாக்குகளில் சிலவற்றைக் கீழிருந்து படித்தால், 212-க்கு நடுவே 87 வரத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் கர்னல் லாக்கில் சாட்சியும் இருந்தது. சனிக்கிழமை காலை மவுன்ட் ஆன சில நிமிடத்திலேயே, எந்த பிளாக் காலி என்று குறிக்கும் பிளாக் பிட்மேப்பின் செக்சம் பொருந்தவில்லை என்று இஎக்ஸ்டி4 நாலைந்து வரி எழுதியிருந்தது. அந்தச் செக்சம் இருக்கும் குரூப் விவரத்தை ஒரு டிஸ்க்கிலிருந்தும் பிட்மேப்பை இன்னொன்றிலிருந்தும் படித்ததால் வந்த முரண். அந்த வரிகளை நான் செவ்வாய் வரை பார்க்கவே இல்லை.

என்டரைத் தட்டியிருந்தால்? மேல் டிஸ்க் கீழ் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டு, ஒன்றரை நாள் வேலை முழுக்கப் போயிருக்கும். புத்தகத்தை ஞாயிறே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

மீட்பு இப்படி நடந்தது. இரண்டு பிரதியையும் படிக்க மட்டுமான லூப் டிவைஸ்களாகத் திறந்து, தனித்தனி இடத்தில் மவுன்ட் செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. இஎக்ஸ்டி4-ஐ 'ரீட் ஒன்லி' என்று மவுன்ட் செய்தாலும், ஜர்னலில், அதாவது மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இடத்தில், பாக்கி இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் திறக்கும். 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஜர்னலைத் தொடாமல் இருக்கும். பிறகு ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, இரண்டு பக்கமும் எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 பட்டியல் எடுத்து ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட எல்லாமே இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு முழுக்க அந்த ஒரு தொகுதியின் அடைவுக்குள்தான் இருந்தது.

பேக்கப்பை மூன்றாவது சாட்சியாக வைத்துக்கொண்டேன். இரண்டு டிஸ்க் முரண்படும்போது மூன்றாவதாக ஒரு பிரதி இருந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மேல் டிஸ்க்கும் பேக்கப்பும் ஒன்றாகவும் கீழ் டிஸ்க் மட்டும் வேறாகவும் இருந்தால், அது தம்பியின் திருத்தம், கீழ் டிஸ்க்கே புதியது. அப்படிப்பட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணாலும் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு நாள். இதில் அவசரப்படவில்லை.

சிக்கலான பகுதி வேறு. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே எங்கள் ஆட்கள் சர்வரில் வழக்கம்போல் வேலை செய்திருந்தார்கள். ஒரு அடைவில் புதுக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால், அந்த அடைவின் பிளாக் முழுவதும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். மேல் டிஸ்க்கிலிருந்து படித்த பழைய அடைவுப் பிளாக்கில் புதுப் பெயரைச் சேர்த்து எழுதியபோது, கீழ் டிஸ்க்கில் மட்டும் இருந்த 23 கோப்புகளின் பெயர்கள் அழிந்துவிட்டன. பெயர்தான் போனது, ஐநோட் இருக்கலாம். கீழ் டிஸ்க்கின் பிரதியை இன்னொரு பிரதி எடுத்து அதில் கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டினேன். பெயரிழந்தவை ஐநோட் எண்களையே பெயராகக் கொண்டு லாஸ்ட் அன்ட் ஃபவுன்ட் அடைவுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கத்தின் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பெயர் வைத்தோம். 14 பக்கம் முழுதாகக் கிடைத்தது. மீதி 9 கிடைக்கவில்லை. அவை இருந்த பிளாக்குகளை மேல் டிஸ்க்கின் பிட்மேப் காலி என்று நினைத்துக்கொண்டிருந்ததால், சனிக்கிழமை ஸ்கேன்கள் அவற்றின் மேலேயே எழுதப்பட்டுவிட்டன. பிரச்சினை தெரிந்த நிமிடமே எழுதுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். சனிக்கிழமை லாக்கைப் பார்த்து நிறுத்தியிருந்தால் இந்த ஒன்பதும் இருந்திருக்கும்.

பழைய அடுக்கை நான் ரிப்பேர் செய்யவே இல்லை. மீட்டதை எல்லாம் மூன்றாவது டிஸ்க்கில் சேர்த்து, பட்டியலோடு சரிபார்த்து, அதற்கொரு பிரதியும் எடுத்துவைத்த பிறகு, அடுக்கைக் கலைத்துப் புதிதாகக் கட்டினேன். இந்த முறை 1.2. புது இஎக்ஸ்டி4 போட்டு, கோப்புகளைத் திரும்ப ஏற்றினேன். முதல் செக்கில் கவுன்ட் சுழி.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்புக்கு மாறியிருக்கலாமே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டு கட்டுரையை எழுதியபோது அவர்கள் கவலையெல்லாம் டிஸ்க் செத்துப்போவது பற்றி. செத்த டிஸ்க் தான் செத்ததைக் காட்டிவிடும். உயிரோடு இருந்துகொண்டே வேறு தகவலைச் சொல்லும் டிஸ்க்கைப் பிடிக்க, தகவலுக்கு வெளியே ஒரு செக்சம் வேண்டும். 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ்ஸும், 2009-இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்த பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஒவ்வொரு பிளாக்குக்கும் அதை வைத்திருக்கின்றன. இரண்டில் எது சரி என்று அவற்றுக்குத் தெரியும். எம்டியோடே இருக்க வேண்டுமென்றால் 2017 முதல் கர்னலில் இருக்கும், இதேபோல் செக்சம் வைக்கும் டிஎம்-இன்டெக்ரிட்டியை ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் போடலாம், எழுதும் வேகம் கணிசமாகக் குறையும். அடுத்த சர்வரை இசட்எஃப்எஸ்ஸில்தான் கட்டப்போகிறேன். அதுவரை, ஒவ்வொரு தொகுதியின் அடைவிலும் செக்சம் பட்டியல் ஒன்றை வைத்து வாரா வாரம் சரிபார்க்கிறோம். எந்தக் கோப்பமைப்பிலும் இது வேலை செய்யும், இன்றே தொடங்கலாம்.

ஒரு டிஸ்க்கை வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் முறை இது. சர்வர் ஓடும்போதே அந்த டிஸ்க்கை எம்டியில் 'ஃபெயில்' என்று குறித்து, 'ரிமூவ்' செய்துவிட்டுக் கழற்றுங்கள். அப்போது அடுக்குக்கு அது போனது தெரியும். திரும்ப வைக்கும்போது அதில் வெளியே யாராவது எழுதியிருக்கக்கூடும் என்றால் 'ரீ-ஆட்' செய்யாதீர்கள். அடுக்கில் எழுதிய இடங்களைக் குறித்துவைக்கும் எம்டியின் சொந்தப் பிட்மேப் இருந்தால் ரீ-ஆட் செய்யும்போது அடுக்கில் மாறிய இடங்கள் மட்டும்தான் ஒத்திசையும். வெளியே எழுதிய இடங்கள் எந்தப் பிட்மேப்பிலும் இல்லை, அவை அப்படியே முரணாக நின்றுவிடும். தேவையானதை முதலில் அதிலிருந்து நகலெடுத்துக்கொண்டு, அதன் சூப்பர் பிளாக்கை அழித்து, புது டிஸ்க்காகச் சேர்த்து முழுக்க ஒத்திசைய விடுங்கள்.

இப்போது இரண்டு டிஸ்க் தட்டிலும் சீரியல் எண்ணோடு ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கிறது. "இது முழு டிஸ்க் அல்ல, பாதி. கழற்றுவதற்கு முன் கூப்பிடவும்." எழுதி ஒட்டியவன் தம்பி.

ஒன்பது பக்கங்களுக்காக இதழ்களின் சொந்தக்காரரைப் பார்க்க நானும் தம்பியும் பேருந்தில் போனோம். நடந்ததைச் சொன்னோம். அந்த அம்மா தொகுதியைப் பீரோவிலிருந்து எடுத்து, துணி உறையோடு அவன் கையில் கொடுத்தார். ஒன்பது பக்கத்தையும் அவனே புரட்டினான். 191-ஆம் பக்கத்தின் கீழ்மூலை, நகக்கண் அளவுக்கு, ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அதை ஒரு சிறு காகித உறையில் போட்டு, பக்க எண்ணை எழுதி, அதே இடத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.